19-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கொத்தனார், தச்சர் மூதாதையின் பெற்றோரைக் கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தேடலைத் தொடங்கும்போது கையில் இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: ஒரு பெயர், கொத்தனார் அல்லது தச்சர் என்ற தொழில், ‘ஸ்காட்லாந்தில் பிறந்தவர்’ என்ற ஒரு வரி, வயதை வைத்துக் கணக்கிட்ட ஒரு பிறந்த ஆண்டு. இதை ஞானஸ்நான அட்டவணையில் தட்டினால், அந்த ஆண்டை ஒட்டி அதே பெயரில் ஒரு குழந்தை அநேகமாகக் கிடைத்துவிடும். அந்தக் குழந்தையின் அப்பா அம்மாவையே மூதாதையின் பெற்றோராகக் குடும்ப மரத்தில் ஏற்றிவிடுவதுதான் இந்தத் தேடலில் அதிகம் நடக்கும் பிழை. அன்றைய ஸ்காட்லாந்தில் புழங்கிய ஆண் பெயர்கள் மிகக் குறைவு. ஜான், ஜேம்ஸ், வில்லியம், அலெக்சாண்டர், ராபர்ட், ஜார்ஜ், தாமஸ், டேவிட் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரிய பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரம்) ஒன்றில் ஒரே ஆண்டில் இரண்டு ஜேம்ஸ் ஸ்மித்கள் பிறப்பது சாதாரணம். உங்கள் மூதாதையின் ஞானஸ்நானம் பதிவேட்டில் ஏறாமலே போயிருக்கவும் வாய்ப்பு நிறைய உண்டு. அப்படியானால் அட்டவணை காட்டுவது நிச்சயமாக வேறொருவரை.

அதனால் இறப்பில் தொடங்குங்கள். அங்கிருந்து திருமணம், பிள்ளைகளின் பிறப்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று பின்னோக்கி வாருங்கள். பெற்றோரின் பெயர்களை வேறு ஆவணங்கள் சொன்ன பிறகே ஞானஸ்நானத்தைத் தேடுங்கள். கிடைத்த பிறகும் நிறுத்தாமல், அதே பெயருள்ள மற்றவர்கள் ஒவ்வொருவரையும் கணக்கிலிருந்து கழியுங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்யாத முடிவு ஊகம் மட்டுமே.

முதல் படி: ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதுதல்

மூதாதை பெயர் வரும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். தேதி, இடம், சொல்லப்பட்ட வயது, தொழில் எந்தச் சொல்லில் எழுதப்பட்டிருக்கிறது, எந்தத் திருச்சபை, தகவல் கொடுத்தவர் யார், சாட்சிகள் யார் என்று தனித்தனிக் கட்டங்களில் எழுத வேண்டும். பிள்ளைகளைப் பிறந்த வரிசையில், நடுப்பெயரோடு சேர்த்து எழுதுங்கள். சிறு வயதில் இறந்த பிள்ளைகளையும் விடக் கூடாது. பெயரிடும் வழக்கத்தைச் சோதிக்கும்போது அவர்கள்தான் கைகொடுப்பார்கள்.

இரண்டாம் படி: 1855-க்குப் பிந்தைய அரசுப் பதிவுகள்

ஸ்காட்லாந்தில் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1855 ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கியது. இங்கிலாந்தில் இது 1837-லேயே வந்துவிட்டாலும், பெற்றோரைத் தேடுபவருக்கு ஸ்காட்லாந்துப் பதிவுதான் பெரிய வரம். இங்கிலாந்து இறப்புச் சான்றில் வயது வந்தவரின் பெற்றோர் பெயர் இராது. அன்றைய திருமணச் சான்றில் தந்தையின் பெயரும் தொழிலும் மட்டும் இருந்தன. ஸ்காட்லாந்தில் திருமணப் பதிவு, இறப்புப் பதிவு இரண்டிலுமே தந்தை, தாய் இருவர் பெயரும், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும், தந்தையின் தொழிலும் கேட்கப்பட்டன. 1855-க்குப் பிறகு ஸ்காட்லாந்தில் இறந்த ஒருவர் 1780-இல் பிறந்திருந்தாலும் அவருடைய பெற்றோர் பெயர் அந்த ஒரு பக்கத்தில் இருக்க வாய்ப்புண்டு.

பதிவுகளைப் பார்க்கும் அதிகாரபூர்வ இணையதளம் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள். கணக்குத் தொடங்கினால் அட்டவணையில் தேடலாம். மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்க கிரெடிட் வாங்க வேண்டும். பிறப்புக்கு 100, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 ஆண்டுகள் கழிந்த படங்களே இணையத்தில் திறந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டு ஆளுக்கு இது தடையே இல்லை. பெண்களைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: ஸ்காட்லாந்தில் மனைவி தன் பிறந்தவீட்டுப் பெயரைச் சட்டப்படி இழப்பதில்லை. இறப்பு அட்டவணையில் இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும். கல்லறைக் கல்லில் பெரும்பாலும் பிறந்தவீட்டுப் பெயர்தான் இருக்கும்.

ஒரு திருமணப் பதிவை நிதானமாகப் படிக்கும் விதம் இது. இடது ஓரத்தில் தேதியும் இடமும். அதன் கீழே எந்தத் திருச்சபை முறைப்படி நடந்தது என்ற குறிப்பு. ‘ஃப்ரீ சர்ச்’ என்றோ ‘யுனைட்டட் பிரெஸ்பிட்டீரியன்’ என்றோ இருந்தால், குடும்பத்தின் ஞானஸ்நானங்கள் அரசுத் திருச்சபையான ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பதிவேட்டில் இல்லாமல் போகக்கூடும் என்று அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து கையெழுத்து, பின் ‘மேசன், ஜர்னிமேன்’ என்பது போன்ற தொழில் விவரம். மேசன் என்றால் கொத்தனார், ஜர்னிமேன் என்றால் பயிற்சியை முடித்து அன்றாடக் கூலிக்கு வேலை செய்பவர். கடைசிக் கட்டங்களில் தந்தையின் பெயர், தொழில், தாயின் பெயர், ‘எம்.எஸ்.’ என்ற சுருக்கம், அதன்பின் அவளுடைய பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர். தந்தையின் பெயருக்குப் பக்கத்தில் ‘டிசீஸ்ட்’ என்று இருந்தால் அன்று அவர் உயிரோடு இல்லை. 1858-இல் மகனின் திருமணத்தில் அது இல்லை, 1866-இல் மகளின் திருமணத்தில் இருக்கிறது என்றால், தந்தை அந்த எட்டு ஆண்டுகளுக்குள் இறந்திருக்கிறார். அந்த இடைவெளியில் தேடினால் அவருடைய இறப்புப் பதிவு கிடைக்கும். அதில் அவருடைய பெற்றோரும் இருப்பார்கள். ஒரே சொல்லில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம்.

படிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. 1855-ஆம் ஆண்டுப் படிவம்தான் மிக விரிவானது. இறந்தவர் பிறந்த ஊர், அந்த வட்டாரத்தில் எத்தனை காலம் இருந்தார், யாரை மணந்தார், பிள்ளைகளின் பெயரும் வயதும் எல்லாமே அதில் உண்டு. பதிவாளர்களுக்கு வேலைப்பளு தாங்கவில்லை என்பதால் அடுத்த ஆண்டே பல கட்டங்களை நீக்கினார்கள். 1856 முதல் 1860 வரை இறப்புப் பதிவில் வாழ்க்கைத்துணையின் பெயரே இல்லை. 1861-இல் அது திரும்பி வந்தது. பிறப்புப் பதிவில் பெற்றோரின் திருமணத் தேதியும் இடமும் 1855-இல் உண்டு, 1856–1860-இல் இல்லை, 1861 முதல் மீண்டும் உண்டு. ஆகவே மூதாதையின் பிள்ளைகளில் 1861-க்குப் பின் பிறந்த ஒருவரின் பதிவையாவது வாங்குங்கள். குடும்பத்தில் 1855-இல் ஏதாவது ஒரு நிகழ்வு நடந்திருந்தால், எவ்வளவு தூரத்து உறவானாலும் அதை முதலில் வாங்குங்கள்.

யார் சொன்ன தகவல் என்பதை வைத்தே மதிப்பை நிறுக்க வேண்டும். திருமணத்தில் மணமகனே தன் பெற்றோரைச் சொல்கிறார். இறப்பில் மகனோ, மருமகனோ, பக்கத்து வீட்டுக்காரரோ சொல்கிறார்கள். மருமகனுக்கு மாமனாரின் அம்மா பிறந்தவீட்டுப் பெயர் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தன் பாட்டி பெயரையோ சித்தியின் பெயரையோ அந்தக் கட்டத்தில் சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கும். இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால் திருமணப் பதிவுக்கே முன்னுரிமை. ஒரே விலக்கு: திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் தன் திருமணத்தில் தாத்தாவைத் தந்தையாகச் சொல்வதும், இல்லாத ஒரு தந்தையை எழுதவைப்பதும் உண்டு.

பக்கத்தின் ஓரத்தில் ‘ஆர்.சி.இ.’ என்று எழுதியிருந்தால் அது திருத்தப்பட்ட பதிவுகளின் புத்தகத்துக்கான குறிப்பு. கட்டடத் தொழிலில் இது முக்கியம். சாரத்திலிருந்து விழுந்தோ கல் சரிந்தோ திடீரென இறந்தவரின் மரணத்தை அரசு வழக்குரைஞரான ‘புரொக்யூரேட்டர் ஃபிஸ்கல்’ விசாரித்தபின் காரணம் அங்கே திருத்தி எழுதப்படும். 1895-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வேலையிடத்தில் நேர்ந்த மரணங்களுக்கு ஷெரிஃப் நீதிமன்ற விசாரணை கட்டாயமானது. அந்தக் கோப்புகள் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

கடல் கடந்து போனவர் என்றால்

கட்டடத் தொழிலாளிகள் நிறையவே கடல் கடந்தார்கள். 1831-இல் ஸ்டெர்லிங் காஸில் என்ற கப்பலில் ஸ்காட்லாந்துக் கொத்தனார்களும் தச்சர்களும் சிட்னிக்குக் கூட்டிச் செல்லப்பட்டார்கள். அபர்டீனின் கிரானைட் கல் வெட்டும் தொழிலாளிகள் அமெரிக்காவின் பேரி, குவின்சி குவாரிகளுக்குப் போனார்கள். சிலர் பருவத்துக்குப் போய்ப் பருவத்துக்குத் திரும்பினார்கள். அப்படி இருமுறை வந்துபோனவரை ஒரே ஆள்தானா என்று கப்பல் பட்டியலில் உறுதிசெய்வது எளிதல்ல.

இறந்த நாட்டின் படிவத்தைப் பொறுத்தே அடுத்த நகர்வு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1853 முதல் இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், தந்தையின் தொழில், அந்தக் குடியேற்ற நாட்டில் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என எல்லாம் உண்டு. நியூ சவுத் வேல்ஸில் இதே போன்ற பதிவு 1856-இல் தொடங்கியது. அரசு உதவியுடன் அங்கே வந்தவர்களுக்கான குடியேற்ற வாரியப் பட்டியல்களில் பெற்றோர் பெயரும் அவர்கள் வசிக்கும் ஊரும் கேட்கப்பட்டன. கப்பலிலிருந்து இறங்கியவரே வாயால் சொன்னது என்பதால் மதிப்பு அதிகம். நியூசிலாந்தில் 1876 முதல் இறப்புப் பதிவில் பெற்றோர் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் நிலைமை வேறு: அரசுப் பதிவே 1869-இல்தான் தொடங்கியது, திருமணத்தில் பெற்றோர் பெயர் உண்டு, 19-ஆம் நூற்றாண்டு இறப்புப் பதிவில் இல்லை.

இந்த இடத்தில் நல்ல பாடம் கனடாவின் பிரதமராக உயர்ந்த கொத்தனார் அலெக்சாண்டர் மெக்கன்ஸி. 1822 ஜனவரி 28-இல் பெர்த்ஷயரின் லோஜிரைட்டில் பிறந்தார். 1842-இல் கனடா போனார், 1892-இல் இறந்தார். அவர் இரண்டு முறை மணந்ததும் 1869-க்கு முன்புதான். பிரபலமாக இல்லாத அதே நிலையிலுள்ள ஒரு கொத்தனாருக்கு ஒன்டாரியோ அரசுப் பதிவுகளில் பெற்றோர் பெயர் எங்குமே கிடைக்காது. இத்தகையவருக்குக் கைகொடுப்பது உடன்பிறந்தவர். ஸ்காட்லாந்திலேயே தங்கி 1855-க்குப் பின் மணந்த அல்லது இறந்த ஓர் அண்ணனோ தங்கையோ கிடைத்தால், அவருடைய பதிவில் இருவரின் பெற்றோரும் இருக்கிறார்கள். கடிதங்கள், இரங்கல் செய்திகள், வெளிநாட்டு வீட்டில் தங்கியிருந்த ‘நெஃப்யூ’ (உடன்பிறந்தவரின் மகன்) ஆகியவற்றிலிருந்து உடன்பிறந்தவரை அடையாளம் காணுங்கள். ஊர் கடந்தவரின் பெற்றோரைக் கண்டறிய இதைவிட நம்பகமான வழி இல்லை.

சென்னையிலும் கொழும்பிலும் ஸ்காட்லாந்து வேர் உள்ள ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். மெட்ராஸ் மாகாணத்துத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசையில் உள்ளன. எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் ஸ்காட்லாந்துத் திருச்சபையினருக்காகவே எழுந்தது. ஆனால் இங்கே நடந்த அடக்கப் பதிவில் பெற்றோர் பெயரை எதிர்பார்க்க வேண்டாம். பதிலாக, உயில்களைப் பாருங்கள்: ஊரிலிருக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் பணம் விட்டுப்போனவர்கள் அவர்கள் பெயரையும் ஊரையும் எழுதியிருப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்தவர் என்றால் சேர்ப்புப் பதிவேட்டில் பிறந்த ஊரும் முன்னைய தொழிலும் இருக்கும். வெளிநாட்டில் இறந்து ஸ்காட்லாந்தில் சொத்து வைத்திருந்தவர்களின் வாரிசு நடைமுறை எடின்பரோவில்தான் நடந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி: கணக்கெடுப்பு

1841 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை. 1841-இல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதைக் கீழ்நோக்கி ஐந்தின் மடங்காக்கச் சொல்லியிருந்தார்கள். 29 வயதுக்காரர் 25 என்று இருப்பார். உறவுமுறை எழுதப்படவில்லை. பிறந்த இடம் பற்றி, அந்தக் கவுன்டியில் (மாவட்டத்தில்) பிறந்தவரா, இல்லையென்றால் இங்கிலாந்து, அயர்லாந்து, வெளிநாடு இவற்றில் பிறந்தவரா என்பது மட்டுமே கேள்வி. ஒரு வீட்டில் பெரியவரும் இளைஞரும் இருந்தால் அப்பா மகன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சித்தப்பாவாகவும் இருக்கலாம், தொழில் கற்றுக்கொடுத்த முதலாளியாகவும் இருக்கலாம்.

1851 முதல் பிறந்த பாரிஷும் உறவுமுறையும் வந்தன. ஒரே ஆளின் எல்லாக் கணக்கெடுப்புகளையும் வாங்கிப் பிறந்த ஊரை ஒப்பிடுங்கள். ஒரு முறை ‘எடின்பரோ’ என்பார், மறுமுறை ‘செயின்ட் கத்பர்ட்ஸ்’ என்பார். பின்னதே துல்லியம், ஏனென்றால் செயின்ட் கத்பர்ட்ஸ் நகரை ஒட்டிய தனிப் பாரிஷ். பழைய பதிவேடுகளில் எடின்பரோவின் எண் 685/1, செயின்ட் கத்பர்ட்ஸ் 685/2, கேனன்கேட் 685/3. அட்டவணையில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேடினால் மற்றவை விடுபட்டுப்போகும்.

கொத்தனார்கள் வேலை இருக்கும் இடத்துக்குப் போனார்கள். 1846–48-இல் எழுந்த பாலக்மைல் ரயில் பாலம் போன்ற பெரிய கல் வேலைகள் பல கவுன்டிகளிலிருந்து ஆட்களை இழுத்தன. ஆகவே குடும்பத்தலைவர் கணக்கெடுப்பு இரவில் வீட்டில் இல்லாவிட்டால் இறந்துவிட்டார் என்று கொள்ள வேண்டாம். மனைவியின் பெயருக்கு எதிரே ‘மேசன்ஸ் வைஃப்’ (கொத்தனாரின் மனைவி) என்று இருந்தால் அவர் உயிரோடு வேறெங்கோ விடுதியில் இருக்கிறார்.

நான்காம் படி: பழைய பாரிஷ் பதிவேடுகள்

1855-க்கு முன் அரசுப் பதிவு இல்லை. ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பாரிஷ் எழுத்தர்கள் வைத்த பதிவேடுகள்தான் உண்டு. மிகப் பழையது பெர்த்ஷயரின் எரோல் பாரிஷில் 1553-இல் தொடங்குகிறது. நல்ல பதிவு ஒன்றில் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், தந்தை, அவர் தொழில், வசிக்கும் ஊர், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், இரண்டு சாட்சிகள் எல்லாம் இருக்கும். மோசமான பதிவில் தந்தை பெயரும் குழந்தை பெயரும் மட்டும். அட்டவணையில் தொழிலும் ஊரும் சாட்சியும் வருவதில்லை. மூலப் பக்கத்தின் படத்தை வாங்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பதிவு ஏன் இல்லாமல் போகும்? பதிவுக்குக் கட்டணம் உண்டு. கூலித் தொழிலாளி அதைத் தவிர்த்தார். 1733-லிருந்தே அரசுத் திருச்சபையை விட்டுப் பிரிந்தவர்கள் தனிச் சபைகள் வைத்திருந்தார்கள். 1843-இல் 474 போதகர்கள் வெளியேறி ஃப்ரீ சர்ச்சைத் தொடங்கியபோது அவர்களுடன் பெருங்கூட்டமும் போனது. இந்தச் சபைகளின் பதிவேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.எச்.3 என்ற வரிசையில் உள்ளன. ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் ‘பிற திருச்சபைகள்’ என்ற தனித் தேடல் உண்டு. கத்தோலிக்கப் பதிவுகளும் அதே தளத்தில் தனியாக உள்ளன. கிளாஸ்கோவின் கட்டடக் கூலியாட்களில் அயர்லாந்து வழியினர் நிறைய என்பதால் அவற்றையும் விட வேண்டாம். ஒரு வீட்டின் நான்கைந்து பிள்ளைகளைப் பல ஆண்டு கழித்து ஒரே நாளில் ஒரே பக்கத்தில் எழுதிவைத்த பதிவுகளும் உண்டு. அதனால் பிறந்த ஆண்டைச் சுற்றி மட்டும் தேடாமல் 1854 வரை தேடுங்கள்.

திருமணப் பதிவு என்பது பெரும்பாலும், திருமணம் நடக்கப்போகிறது என்று தேவாலயத்தில் முன்கூட்டியே சொல்லும் அறிவிப்பின் பதிவுதான். மணமகன், மணமகள் வேறு வேறு பாரிஷ் என்றால் இரண்டிலும் அறிவிப்பு இருக்கும். இரண்டையும் பாருங்கள், ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும். பல பாரிஷ்களில் மணமகளின் தந்தை பெயரும் தொழிலும் எழுதப்படும், மணமகனின் தந்தை பெயர் வராது. ஆகவே கொத்தனாரின் அப்பாவைத் தேட அவருடைய அக்கா தங்கைகளின் திருமண அறிவிப்பைப் பார்ப்பது நல்ல உத்தி. அடக்கப் பதிவுகள் மிகக் குறைவு. சில ஊர்களில் சவத்தின் மேல் போர்த்தும் துணிக்கு வாங்கிய வாடகைக் கணக்குதான் இறப்புக்கு ஒரே சான்று.

பெயரிடும் வழக்கம் ஒன்று பரவலாக இருந்தது. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா, இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா, மூன்றாமவனுக்குத் தந்தை. மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி, இரண்டாமவளுக்குத் தந்தைவழிப் பாட்டி, மூன்றாமவளுக்குத் தாய். தாத்தா, பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடுவது நமக்கும் பழகியதுதான். ஆனால் இதை யாரும் சட்டமாகப் பின்பற்றவில்லை. இதை வைத்து ஒரு ஊகத்தைத் தொடங்கலாம், முடிவு கட்ட முடியாது. நடுப்பெயர் வலுவான தடயம்: பிள்ளை ஒருவருக்குக் குடும்பப்பெயர் போல ஒலிக்கும் நடுப்பெயர் இருந்தால் அது பாட்டியின் பிறந்தவீட்டுப் பெயராக இருக்கக்கூடும். ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு ஞானஸ்நானங்கள் இருந்தால் முதல் குழந்தை அநேகமாக இறந்துவிட்டது. இரண்டாவதுதான் வளர்ந்த ஆள்.

ஐந்தாம் படி: தொழிலே தரும் சான்றுகள்

மகன் கொத்தனார் என்றால் அப்பாவும் கொத்தனார் என்று நினைப்பது பெரிய பொறி. மெக்கன்ஸியின் தந்தை தச்சர். குரோமார்ட்டியில் 1802-இல் பிறந்து கொத்தனாராக வேலை செய்து, பின் புவியியலாளராகப் புகழ்பெற்ற ஹ்யூ மில்லரின் தந்தை 1807-இல் கடலில் மறைந்த கப்பல் தலைவர். மில்லர் தொழில் கற்றது உறவினர் ஒருவரிடம். தந்தையை இழந்த பையன்களைத் தாய்வழி மாமனோ சித்தப்பாவோ தொழிலுக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே பயிற்சிக் காலத்தில் அவர் தங்கியிருந்த வீட்டின் முதலாளியையும் தனியாக ஆராயுங்கள். அவர் தாயின் பிறந்தவீட்டைக் காட்டிக்கொடுக்கலாம்.

சொற்களைச் சரியாகப் படிக்க வேண்டும். ஸ்காட்லாந்து ஆவணத்தில் ‘ரைட்’ என்றால் மரவேலை செய்பவர்; அதே ஆள் வேறு பதிவில் ‘ஜாய்னர்’, ஆஸ்திரேலியாவில் ‘கார்பென்டர்’ என்று இருப்பார். ‘ஹியூவர்’ கல்லைச் செதுக்குபவர், ‘குவாரியர்’ கல் உடைப்பவர். இவர்கள் மேசனாக மாறுவது இயல்பு. சிறு ஊர்களில் சிலேட் கூரை வேய்பவரே சுவர்ப் பூச்சும் செய்தார். ‘மேசன்ஸ் லேபரர்’ என்பது சித்தாள். பயிற்சி முடித்த கொத்தனார் அப்படிப் பதிவாவது அரிது, அதனால் அங்கே சற்று நின்று வேறு ஆளோ என்று பாருங்கள்.

நகரங்களில் தொழிற்சங்கங்கள் இருந்தன. எடின்பரோவில் கொத்தனார்களும் தச்சர்களும் 1475 முதல் மேரிஸ் சேப்பல் சங்கத்தில். டண்டியில் கொத்தனார், தச்சர், சிலேட்டர் மூவரும் ஒன்றாக. கிளாஸ்கோவில் டிரேட்ஸ் ஹவுஸின் 14 சங்கங்களில் மேசன்களுக்கும் ரைட்களுக்கும் தனித்தனியே. நகரில் சொந்தமாகத் தொழில் நடத்த ‘பர்ஜஸ்’ உரிமை வேண்டும். தந்தையின் உரிமையால் அல்லது மாமனாரின் உரிமையால் சேர்ந்தவருக்குக் கட்டணம் குறைவு. அதனால் பதிவேட்டிலேயே ‘இன்னாரின் மூத்த மகன்’, ‘இன்னாரின் மகளை மணந்தவர்’ என்று எழுதப்பட்டிருக்கும். பெற்றோரைத் தேடுபவருக்கு இது நேரடிச் சான்று. 1846-இல் இந்தத் தனியுரிமை ஒழிந்தது. அதற்குப் பிறகு தொழில் தொடங்கியவருக்கும், கிராமத்தில் இருந்தவருக்கும், கூலிக்கு வேலை செய்தவருக்கும் இதில் பயனில்லை.

சொத்து சேர்த்த கட்டடக்காரர் என்றால் வழி விரிகிறது. 1868 வரை ஸ்காட்லாந்தில் வீடு நிலத்தை உயிலால் எழுதிவைக்க முடியாது. வாரிசு தன்னை நிரூபித்தே எடுக்க வேண்டும். அந்த நடைமுறையின் பெயர் ‘சர்வீஸ் ஆஃப் ஏர்ஸ்’. அட்டவணையில் வாரிசின் பெயர், தொழில், ஊர், இறந்தவருக்கு அவர் என்ன உறவு என்பது ஒரே வரியில் இருக்கும். மெல்போர்னில் இருந்த மகன் ஸ்காட்லாந்து வீட்டுக்காக விண்ணப்பித்ததும் அதில் இருக்கும். பெயர் வருவது வாரிசுக்கு மட்டும், பெரும்பாலும் மூத்த மகனுக்கு. 1617-இல் தொடங்கிய சசீன்ஸ் பதிவேட்டில் நிலப் பரிமாற்றங்கள் உள்ளன. 1781 முதல் அதற்குச் சுருக்கங்கள் இருப்பதால் தேடுவது எளிது. உயில்கள், இறந்தவரின் சொத்துப் பட்டியல்கள் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் 1513 முதல் உண்டு. கடன் வாங்கிக் கட்டி விற்றவர்கள் திவாலாவது அடிக்கடி நடந்தது. 1878 அக்டோபரில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி மூழ்கியபோது பலர் வீழ்ந்தார்கள். எடின்பரோ கெஸட் என்ற அரசிதழின் அறிவிப்பும் திவால் கோப்பும் கடன் கொடுத்த உறவினர்களின் பெயர்களைத் தரும்.

ஏழையாகவே இறந்தவருக்கும் வழி உண்டு, சில நேரம் இன்னும் சிறந்த வழி. மணற்கல் தூசி கொத்தனார்களின் நுரையீரலைத் தின்றது. எடின்பரோவின் கிரெய்க்லீத் கல்லில் வேலை செய்தவர்கள் இளம் வயதில் இறந்தார்கள். இறப்புப் பதிவில் ‘தைசிஸ்’ (காசநோய்), ‘பிராங்கைட்டிஸ்’ (மூச்சுக்குழாய் அழற்சி) என்றிருக்கும். உடல் நலமுள்ளவருக்கு ஏழை நிவாரணம் கிடையாது. மூச்சுவிட முடியாதவருக்குக் கிடைத்தது. 1845-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டு வசித்த பாரிஷ் அல்லது பிறந்த பாரிஷ்தான் செலவை ஏற்க வேண்டும். ஆகவே செலவைத் தள்ளிவிட விரும்பிய அதிகாரி பிறந்த ஊர், பெற்றோர் பெயர், முன்பு குடியிருந்த வீடுகள், மனைவி மக்கள் என்று எல்லாவற்றையும் துருவிக் கேட்டு எழுதினார். கிளாஸ்கோ நகர ஆவணக் காப்பகத்தில், மிட்சல் நூலகத்தில், இந்த விண்ணப்பங்கள் பெரும் எண்ணிக்கையில் உள்ளன. கொத்தனார் இறந்தபின் அவருடைய விதவை கொடுத்த விண்ணப்பத்தையும் தேடுங்கள்.

கடைசியாகக் கல்லறைக் கல். கொத்தனார் குடும்பம் கல்லைத் தானே செதுக்கியிருக்கும். ‘தன் தந்தை இன்னாருக்காக, மேசன் இன்னார் எழுப்பியது’ என்ற வாசகமும் சுத்தியல், மூலைமட்டம், கவராயம் போன்ற சின்னங்களும் காணலாம். உள்ளூர் வம்சாவளிச் சங்கங்களின் கல்வெட்டுப் படியெடுப்புகளில் பாருங்கள்; இன்று கல் சிதைந்திருந்தாலும் எழுத்து அங்கே பிழைத்திருக்கும்.

ஆறாம் படி: மற்றவர்களைக் கழித்தல்

1826 வாக்கில் பிறந்த ஒரு ஜேம்ஸ் ரீட்டைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கெடுப்பு சொன்ன பாரிஷிலும் அதைச் சுற்றியுள்ள எல்லாப் பாரிஷ்களிலும் 1822 முதல் 1830 வரை ஞானஸ்நானம் பெற்ற அத்தனை ஜேம்ஸ் ரீட்களையும் எழுதுங்கள். ரெய்ட், ரீட் என்ற எழுத்து வேறுபாடுகளும் அடக்கம். மேக், மெக் பெயர்களானால் இரண்டிலும் தேட வேண்டும். பின் ஒவ்வொருவரையும் முன்னோக்கித் துரத்துங்கள். அதே பெற்றோருக்குப் பின்னால் இன்னொரு ஜேம்ஸ் பிறந்தால் முதலாமவர் போய்விட்டார். உங்களவர் டொரொன்டோவில் இருந்த அதே 1861-இல் ஒருவர் பெர்த்தில் நெசவாளராக இருந்தால் அவரும் போய்விட்டார். 1855-க்குப் பின் ஸ்காட்லாந்தில் மணந்தோ இறந்தோ, அந்தப் பெற்றோர் பெயரோடு பதிவானவரும் போய்விட்டார். மிஞ்சியவர் ஒருவர்தான் என்றால், அவர் 1841 அல்லது 1851-க்குப் பின் ஸ்காட்லாந்து ஆவணங்களில் காணாமல் போகிறாரா என்று பாருங்கள். இருவர் மிஞ்சினால் இருவரையும் ‘நிரூபணமாகவில்லை’ என்றே குறித்துவையுங்கள்.

ஒரே பாரிஷில் ஒரே பெயர்களுடைய இரண்டு தம்பதிகள் இருந்தால், எல்லாப் பிள்ளைகளின் ஞானஸ்நானப் படங்களையும் வாங்கி, வசித்த ஊர், தந்தையின் தொழில், சாட்சிகள் என்று அட்டவணை போடுங்கள். ஒரு வீட்டின் சாட்சிகள் திரும்பத் திரும்ப அதே கொத்தனார்களாக இருப்பார்கள். மற்ற வீட்டின் சாட்சிகள் விவசாயிகளாக இருப்பார்கள். பிள்ளைகள் இரண்டு குவியலாகப் பிரிந்துவிடும்.

ஞானஸ்நானமே இல்லாவிட்டால்

திருமணத்துக்கு வெளியே பிறந்தவரா என்று முதலில் பாருங்கள். 1855-க்கு முன் பாரிஷின் ஒழுங்குக் குழுவான கிர்க் செஷன் தாயை அழைத்துத் தந்தை யார் என்று விசாரித்து எழுதியது. அந்தக் குறிப்பேடுகளின் படங்கள் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிளில் உள்ளன. பெயர் அட்டவணை இல்லாததால், பிறந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் ஓராண்டு பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். 1855-க்குப் பின் பிறந்தவரானால், தந்தையும் வந்து கையெழுத்திட்டால்தான் அவர் பெயர் பதிவில் வரும். தாய் ஜீவனாம்சம் கேட்டு ஷெரிஃப் நீதிமன்றம் போயிருந்தால் தீர்ப்பு ஆர்.சி.இ.யில் இருக்கும். பெற்றோர் பின்னால் மணந்திருந்தால் ஸ்காட்லாந்துச் சட்டப்படி பிள்ளை சட்டபூர்வமாகிவிடும், குடும்பப்பெயரும் மாறியிருக்கும். இருவர் முன்னிலையில் வாய்மொழியாக ஒப்புக்கொண்ட முறைசாராத் திருமணமும் 1940 வரை செல்லுபடியானது. அதனால் திருச்சபைப் பதிவு இல்லை என்பதே பெற்றோர் மணக்கவில்லை என்பதற்குச் சான்று ஆகாது.

டி.என்.ஏ. சோதனையை ஆவணத் தேடலுக்குப் பிறகு வையுங்கள். குடும்பத்தில் உயிரோடுள்ள மிக மூத்தவரைச் சோதிக்கச் செய்யுங்கள். ஒரு தலைமுறை மேலே போனால் பொருந்தும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மூன்றாம் நிலை உறவினரில் (தேர்ட் கசின்) சுமார் பத்தில் ஒன்பது பேர் பொருந்துவார்கள், நான்காம் நிலையில் பாதிப்பேர்தான். ஆகவே பொருத்தம் இல்லை என்பதை மட்டும் வைத்து ஓர் உறவை மறுக்க முடியாது. மூதாதையின் நேரடி ஆண்வழி வாரிசு ஒருவரும், மற்றவர்களைக் கழித்தபின் மிஞ்சியவருடைய சகோதரனின் ஆண்வழி வாரிசு ஒருவரும், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் டி.என்.ஏ. சோதனை செய்தால் தந்தைவழி நேராகச் சோதிக்கப்படும். அது பொருந்தினாலும் தந்தை யார் என்று தனித்துச் சொல்லாது. அந்த ஆண்வழிக் குடும்பம் என்று மட்டுமே சொல்லும். அண்ணன் தம்பி இருவரும் அதே பாரிஷில் கொத்தனார்களாக இருந்திருந்தால், அவர்களில் யார் என்பதை மேலே சொன்ன ஞானஸ்நான அட்டவணையை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.